விடை கிடைத்ததும் நிறுத்தச் சொன்னவன் நான்

பிள்ளைகளுக்குத் தப்பாகப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

பதினான்கு வருடம்! தொண்ணூற்றாறில் ஆரம்பித்துப் போன வாரம் வரை.

உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் டியூஷன் நடத்துகிறவன் நான். பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்பு வரை. மிச்சமெல்லாம் நானாகப் படித்தது. (எவர் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான்.)

தமிழ்ப் பரீட்சையில் ஒரு பத்தி கொடுத்து, கீழே ஐந்து கேள்வி கேட்பார்கள் அல்லவா? அதில் முழு மார்க் வாங்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன்.

பத்தியைப் படிக்காதே. கேள்வியைப் படி. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு. அது இருக்கிற வரியை அப்படியே எழுது. விடை கிடைத்த பிறகு மேலே ஒரு வரிகூடப் படிக்காதே, நேரம் வீண்!

மார்க் கொட்டியது.

ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சர் மாடிக்கே ஏறி வந்தார்.

"பிள்ளைக எழுதுற பதில்ல என்ன இருக்குன்னு அதுகளுக்கே தெரியல சார். எல்லாம் ஒரே வரி."

"மார்க் வருதுல்ல டீச்சர்?"

போய்விட்டார். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த டீச்சர்தானே மார்க்கும் போட்டார்? குறைத்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன்!

(மாட்டேன். சண்டைக்குப் போயிருப்பேன்.)

போன வெள்ளிக்கிழமை காலையில் ஈஸ்வரி வந்தாள். ஓடைப்பட்டிக்காரி. இரண்டாயிரத்தில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், பத்திக் கேள்வியில் எப்போதும் ஐந்துக்கு ஐந்து. இப்போது திராட்சைத் தோட்டம் பார்க்கிறாள். கூடவே தங்கை தமிழரசி. இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவள், கபடியில் மாவட்ட அளவில் ஆடியவள்.

"சார், பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு போச்சு சார்."

மதுரையில் ஒரு கல்லூரி. நேர்காணல் கடிதம் இரண்டு தாள். ஈஸ்வரி நீட்டினாள்.

"இதைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேன் சார். என்னைக்கு வரணும்னு தேடுனேன். புதன்கிழமை காலைல ஒம்பது மணின்னு இருந்துச்சு. காலண்டர்ல வட்டம் போட்டுட்டு மடிச்சு வச்சுட்டேன்."

இரண்டாவது தாளைப் பிரித்தேன். 'விளையாட்டு ஒதுக்கீடு கோருவோர் முந்தைய நாளே அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும். தவறினால் ஒதுக்கீடு கோர இயலாது.'

"அங்கன போய் நின்னா, நேத்தே வந்திருக்கணுமேம்மா, கபடி லிஸ்டு முடிஞ்சுபோச்சேன்னு சொல்லிட்டாக."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, ரெண்டாவது தாளை எதுக்குப் படிக்கல?"

"நீங்கதான சார் சொல்வீக, விடை கிடைச்சுட்டா மேல படிக்காதன்னு."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். நிஜமாகவே, நான் சொன்னதைச் சரியாகச் செய்த பிள்ளையின் முகத்தோடு நின்றாள்.

தமிழரசிதான் குத்தினாள்.

"நான் கேட்டேன் சார், குடுக்கா நான் படிக்கிறேன்னு. அம்மாதான், அவ அஞ்சுக்கு அஞ்சு வாங்குனவ, நீ ரெண்டு வாங்குனவ, பேசாம இருன்னாக. ரெண்டு மார்க்குக்காரிகிட்ட குடுத்திருந்தா சீட்டு கிடைச்சிருக்கும்!"

அவளுக்கு ஏன் இரண்டு மார்க் என்று எனக்குத் தெரியும். என்னிடம் நாலு நாள் வந்தாள். பத்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டே இருப்பாள், நேரம் முடிந்துவிடும். 'உனக்கு இது வராது' என்று நான்தான் அனுப்பினேன்.

"சரி, கல்லூரிக்கு ஒரு மனு எழுது," என்றேன் ஈஸ்வரியிடம்.

"சொல்லுங்க சார், எழுதுறேன்."

"நான் சொல்ல மாட்டேன். நடந்ததை உன் சொல்லுல எழுது."

அரை மணி நேரம் எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. வாங்கிப் பார்த்தேன்.

'விளையாட்டு ஒதுக்கீடு கோருவோர் முந்தைய நாளே அசல் சான்றிதழ்களுடன் வர வேண்டும். தவறினால் ஒதுக்கீடு கோர இயலாது. ஆகவே எங்களுக்கு இடம் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

(சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

தமிழரசி பேனாவைப் பிடுங்கி எழுதினாள். 'அக்கா இரண்டாவது தாளைப் படிக்கவில்லை. நானும் பிடுங்கிப் படிக்கவில்லை. தப்பு எங்கள் பேரில்தான். ஒரு நாள் பிந்தியதற்கு ஒரு வருடம் போக வேண்டுமா?' எழுத்துப்பிழை மூன்று.

அன்றைக்கே மூவரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். மனுவை வாங்கிய கல்லூரி அலுவலகத்து அம்மா இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா சீட்டு எல்லாம் நெறஞ்சுருச்சு. அடுத்த வருஷம் வா."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே எண்ணம்தான். நான் படித்த காலத்தில் கேள்வி கேட்க ஆளில்லை. அதனால் எதை எடுத்தாலும் கடைசி வரி வரை படித்தேன். நான் படித்த விதத்தை ஒரு பிள்ளைக்கும் சொல்லித் தரவில்லையே!

இனி செய்ய வேண்டியது:

நான்: அந்த வழியைப் போன வாரத்தோடு நிறுத்திவிட்டேன். பத்தியை முழுதும் படித்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும். மார்க் குறைந்தால் பெற்றோர் மாடிக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூட ஆசிரியர்கள்: பத்தியில் இருக்கிற வரியை அப்படியே எழுதினால் மார்க் போடாதீர்கள். என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

கடிதம் அனுப்பும் அலுவலகங்கள்: சீட்டைப் பறிக்கிற வரியை முதல் தாளில் போடுங்கள்.

என்னிடம் படித்தவர்கள்: வீட்டில் மடித்து வைத்திருக்கிற கடிதம், பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து இரண்டாவது தாளைப் படியுங்கள். இன்றைக்கே.

தமிழரசி: அடுத்த வருடக் கடிதத்தை அவளேதான் படிக்க வேண்டும். அக்காள் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது.

இதைப் படிக்கிற நீங்கள்: நான் என்ன சொன்னேன் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் சொல்லில். என் வரியையே எடுத்து ஒட்டினால் பூஜ்யம்!