அண்ணன் எடுத்த இருட்டுப் படங்கள்

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள்தான் அவர்களுடைய ஸ்டுடியோ. அண்ணன் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பார். தங்கை ஜன்னலை மூடிக்கொண்டு கணினியில் அவற்றைத் திருத்துவாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. "ஊருக்கெல்லாம் ஆல்பம் போடுறோம், நமக்குன்னு ஒரு பக்கம் கூட இல்ல" என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அவள் கைக்கு நிதானம் உண்டு. விளக்கு பட்டு வெளுத்த நெற்றியில் ஹைலைட்டைக் கொஞ்சம் இறக்குவாள். இருட்டில் அமுங்கிய கன்னத்தில் ஷேடோவை ஏற்றி வெளிச்சம் வரவைப்பாள். அளவு மீறி ஏற்றினால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும் என்பதால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் கண்ணாக இருப்பாள்.

அந்த வருடம் படங்கள் இருண்டு வரத் தொடங்கின. ஷேடோவைப் பாதிக்கு மேல் ஏற்றியும் முகங்கள் வெளியே வர அடம்பிடித்தன. வந்தாலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள்.

"என்னண்ணே, எல்லாம் இருட்டா வருது?"

"மண்டபத்துல லைட்டு சரியில்ல. அதான் நீ இருக்கியே!"

அந்த வார்த்தையில் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. 'அண்ணன் எடுப்பாரு, தங்கச்சி காப்பாத்துவா' என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்ததும் அவளுக்குப் பிடித்தே இருந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு மணப்பெண்ணின் அப்பா ஆல்பத்தோடு படியேறி வந்தார். ஒரு படத்தில் அவருடைய தோள் மட்டும் இருந்தது. இன்னொன்றில் அரைக் காது. மற்றவற்றில் அதுவும் இல்லை.

"என் பொண்ணக் கட்டிக் கொடுத்தது நானா, என் தோளாய்யா?"

அண்ணன் ஆல்பத்தை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நீங்க பொண்ணு பக்கத்துலயா நின்னீங்க?"

நக்கல் என்று நினைத்து வந்தவர் ஆல்பத்தைப் பிடுங்கி மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார். நக்கல் இல்லை என்று தங்கைக்குத் தெரிந்தது. அண்ணனின் கேமராவை எடுத்துப் பார்த்தாள். பின்பக்கத் திரையின் வெளிச்சம் கடைசி அளவுக்கு ஏற்றப்பட்டிருந்தது. அதில் பார்த்தால் எந்த இருட்டுப் படமும் பளிச்சென்றுதான் தெரியும்.

"எப்போலேருந்துண்ணே?"

அவர் மேசையைத் தடவி ஆல்பத்தை மூடினார். "ஓரமெல்லாம் போயிடுச்சும்மா. குழாய் வழியாப் பாக்கிற மாதிரி நடுவுல மட்டும் தெரியுது. அதுவும் மங்கலா."

மறுநாள் கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது என்றார் அவர். "வலிக்காது, அதான் பல பேருக்குத் தெரியறதில்ல. போன பார்வை திரும்பாது. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்."

திரும்பி வந்ததும் அவள் பழைய படங்களைத் திறந்து, தான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். முதலில் லேசான மங்கல். அடுத்தடுத்த கல்யாணங்களில் அது கூடிக்கொண்டே போனது. கடைசியில் மாலைகளும் மனிதர்களும் ஒரே கறுப்பாகக் கிடந்தன. அண்ணனின் கண் போய்க்கொண்டிருந்ததை அவள் தன் கையாலேயே வெளிச்சம் போட்டு மறைத்திருந்தாள்.

"நான் ஒரு தடவ திருத்தாம விட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ணே."

"எனக்கு முன்னாடியே தெரியும்மா" என்றார் அண்ணன். "டாக்டர்கிட்டப் போனா கேமராவ வாங்கி வெச்சிடுவாங்கன்னு பயம். நீ சரி பண்ணிடுவேன்னுதான் வாயத் திறக்கல."

அவளுக்கு அவர்மேலும் தன்மேலும் கோபம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? கணினியை அணைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அண்ணனின் வலது கண் அந்த வருடத்துக்குள் முழுதாக அணைந்துவிட்டது. கல்யாணங்களுக்கு இப்போது வேறொருவர் போகிறார். அவர் படங்களில் அவளுக்கு அதிக வேலை இல்லை. அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். வருகிறவர்களைக் குரலை வைத்தே அடையாளம் கண்டு நலம் விசாரிக்கிறார்.

காலையிலும் மாலையிலும் இடது கண்ணில் அவள் மருந்து விடுகிறாள். சில சமயம் ஒரு சொட்டு தவறிக் கன்னத்தில் வழியும்.

"நான் அழறேன்னு நினைச்சுக்காதடி, மருந்துதான்" என்பார்.

அவள் புறங்கையால் துடைத்துவிடுவாள்.