பழனி ரோட்டில் அப்பா

அப்பா காணாமல் போன அன்று அவருடைய சட்டை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம்தான். அந்தச் சட்டைப் பைக்குள்தான் எங்கள் போன் நம்பர் எழுதிய அட்டையை அம்மா ஊக்குப் போட்டுக் குத்தி வைத்திருந்தாள். சட்டை போடாமல் தெருவாசலைத் தாண்டாத மனிதர், அன்றைக்கென்று பார்த்து வெற்றுடம்போடு கிளம்பியிருக்கிறார். மூக்குக் கண்ணாடியும் அலமாரியில் இருந்தது. செருப்பும் வாசலில் கிடந்தது.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர். தோல் பதனிடும் ஆலையை நாங்கள் ஷாப் என்றுதான் சொல்வோம். சங்கத்துக்காரர். கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் என்றால் முதல் வரிசையில் நிற்பார். கோயில் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அம்மா அப்படியே நேர்மாறு. தை மாதம் பிறந்துவிட்டால் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடந்து போவாள். அப்பா தடுத்ததில்லை. "போய்ட்டு வா, நான் கேட்டதாச் சொல்லு" என்று கிண்டல் செய்வார். ஒரே ஒரு தடவை கூட வரக்கூடாதா என்று அம்மா கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "அத மட்டும் கேக்காத" என்பார்.

அப்பாவுக்கு மறதி நோய் வந்தபிறகு அம்மா பழனிக்கு நடப்பதை நிறுத்திவிட்டாள். அவரைத் தனியே விட முடியவில்லை. என்னை அவர் சில நாள் அத்தை என்று நினைப்பார், சில நாள் நர்ஸ் என்று நினைப்பார். மகள் என்று நினைத்த நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. "ஊருக்குப் போகணும்" என்பது மட்டும் மாறவே இல்லை. அவருக்கு ஊர் என்றால் வத்தலக்குண்டுப் பக்கத்துச் சேவுகம்பட்டி. அங்கே இப்போது எங்களுக்கு வீடும் இல்லை, காடும் இல்லை.

அதனால் நானும் தம்பியும் வத்தலக்குண்டுப் பக்கம்தான் தேடினோம். எங்கள் தெருவைத் தாண்டினால் பழனி ரோடு. தைப்பூசம் நெருங்கிவிட்டது. காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாகச் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குக் குறுக்கே பைக்கை நுழைத்துத்தான் நாங்கள் எதிர்த் திசைக்குப் போனோம். ஹாரன் அடித்து வழி விடச் சொன்னோம். "இங்கிட்டும் ஒரு பார்வ பாத்துருவமாடா?" என்று நான் கேட்டேன்.

"அங்கிட்டு ஏன்க்கா போறாரு. முருகனுக்கும் அவருக்கும் என்ன இருக்கு" என்றான் தம்பி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீக்கடை, பூக்கடை, கொடைக்கானல் பஸ் நிற்கிற இடம் எல்லாம் கேட்டோம். ஆள் எப்படி இருப்பார் என்று எல்லோரும் கேட்டார்கள். வயசானவர், மெலிந்த உடம்பு, சட்டை இல்லை, செருப்பும் இல்லை என்றேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "தை மாசத்துல ரோட்டுல போற ஆளுக பாதிப்பேரு அப்பிடித்தானம்மா இருக்காக" என்றாள்.

போட்டோவைக் காட்டினேன். போட்டோவில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையும் கண்ணாடியுமாகக் கம்பீரமாக இருந்தார். நான் வாயால் சொல்லும் ஆளும் கையில் காட்டும் ஆளும் வேறு வேறாக இருந்தார்கள். எந்த ஆளைத் தேடுகிறேன் என்று எனக்கே குழம்பியது. சேவுகம்பட்டியில் ஒரு தூரத்துப் பங்காளி மட்டும் அப்பாவை நினைவு வைத்திருந்தார். இங்கே வரவில்லை என்றார். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெறும் வயித்துல போயிருக்காக" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் காலையில் தம்பிதான் பார்த்தான். எங்கள் எதிர்வீட்டுக்காரர் வருடந்தோறும் பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரத்தில் பந்தல் போட்டுப் பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவார். முந்தின நாள் பந்தியை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். அதில் ஓர் ஓரத்தில், தோளில் பச்சைத் துண்டும் நெற்றி நிறைய விபூதியுமாக அப்பா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சாதத்தில் குழி பறித்து ரசம் வாங்குகிற விதம் அப்பாதான். நெற்றி அப்பா இல்லை.

எதிர்வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் முந்தின நாள் விடியும் முன்பே பந்தலுக்குப் போனவர், அப்பா காணோம் என்பதே அவருக்குத் தெரியாது. விஷயம் கேட்டதும் சொன்னார்: "ரெண்டாவது தடவ சோறு வச்சது நாந்தானம்மா. அண்ணன விபூதியோட நான் பாத்ததே இல்லையே. சாமின்னு கும்பிட்டுல்ல அனுப்பி வச்சேன்."

அவரைத் திட்டவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்தவரிடம் ஊர் பேர் விசாரிக்க மாட்டார்கள். நடந்து வருகிறவர் எல்லோரும் சாமி. சாப்பிட்டு எழுந்தால் அடுத்த பந்தலுக்கு வழி காட்டுவார்கள். மோர் கொடுத்து, சுக்குக் காப்பி கொடுத்து, காலுக்கு எண்ணெய் தடவிவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து என் அப்பாவை வீட்டிலிருந்து தூரத் தூர அனுப்பியிருக்கிறார்கள். இதில் யாரை நொந்துகொள்வது?

ஒட்டன்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கல்யாண மண்டபத்து நிழலில் அவரைக் கண்டுபிடித்தோம். சிவகங்கைப் பக்கத்துப் பெண்கள் கூட்டத்துக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டார். கூட்டத்தில் மூத்த பெண் ஒருத்தி எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"நீங்க யாரு? சாமி எங்க கூட வாராரு" என்றாள். மகள் என்றேன். அவள் திரும்பி அப்பாவிடம் கேட்டாள். "இவுகளத் தெரியுதா சாமி?"

அப்பா என்னை நிதானமாகப் பார்த்தார். "தெரியல" என்றார்.

போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன். அவள் போட்டோவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம் தீரவில்லை என்று தெரிந்தது. நானும் தம்பியும் விவரம் சொல்லச் சொல்லத்தான் அவள் முகம் இளகியது. "அதான பாத்தேன். நாங்க அரோகரா சொன்னா இவுக வாயத் தெறக்க மாட்டாக. கைய மட்டும் மடக்கி மேல தூக்குவாக" என்று செய்து காட்டினாள். அது சங்கத்து ஊர்வலத்தில் கோஷத்துக்குத் தூக்குகிற கை. தம்பி சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வீட்டுக்குப் போவோம்ப்பா" என்றேன்.

"பழனிக்குப் போகணும்."

"எதுக்குப்பா?"

"எல்லாரும் போறாகள்ல."

எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான் ஒரு வழி செய்தாள். நடந்து போகிறவர்கள் திரும்பும்போது பஸ்ஸில்தான் வருவார்கள், அதுதான் வழக்கம். அவள் எதிர்ப்பக்கம் வந்து நின்ற திண்டுக்கல் பஸ்ஸைக் காட்டி, "பழனி ஆச்சு சாமி. இனி பஸ்ஸுல ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்றாள். தன் சுருக்குப் பையிலிருந்து விபூதி எடுத்துப் புதிதாகப் பூசியும் விட்டாள். அப்பா மறுபேச்சுப் பேசாமல் ஏறிவிட்டார். தம்பி பைக்கில் பின்னால் வந்தான். வழியெல்லாம் எதிரே ஆட்கள் நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். அவர் சாமி கும்பிட நடந்தாரா, ஊர்வலம் என்று நினைத்து நடந்தாரா, சும்மா கூட்டத்தோடு நடந்தாரா? அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

அம்மா வாசலில் நின்றாள். அப்பாவின் காலைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"புத்தி நல்லா இருந்தா இதுக்குச் சம்மதிச்சிருப்பாகளா? என்னன்னு தெரியாத ஆளுக்குப் பூசி விடுறது தப்பும்மா" என்று சொல்லிக்கொண்டே நெற்றிக்குத் துணியைக் கொண்டுபோனாள்.

அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

அம்மா கையை அப்படியே வைத்திருந்தாள். "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள். அப்பா பிடித்த கையை விடவில்லை. தம்பி தெருவில் நின்றுகொண்டு, அப்பா கிடைத்துவிட்டார் என்று ஒவ்வொருவருக்காகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா ஈரத்துணியோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.