ஆறு மணித் தண்ணீர்

எங்கள் சந்தில் தண்ணீர் வந்தால் யாரும் குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. முதல் வீட்டுக்காரர் "பாணி ஆலா" என்று குரல் கொடுப்பார். தண்ணீர் வந்தாச்சு என்று அர்த்தம். அடுத்த வீடு அதை வாங்கி அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்லும். கடைசி வீடு எங்களுடையது. குரல் வந்து சேரும்போது உள்ளே ஆள் இருக்காது. தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு. நான் ஏழு மணிக்கே போசரிப் பட்டறையில் லேத் முன்னால் நிற்பேன். என் சம்சாரம் மரகதம் ஏழரைக்கு வயரிங் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். புனே வந்து பதினோரு வருடம். அத்தனை நாளும் எங்கள் டிரம்மை நிரப்பியது பக்கத்து வீட்டுக் காக்கு. இங்கே சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போன மழைக்காலத்தில், மூட்டுவலி தாங்கவில்லை, மகள் வீட்டோடு போகிறேன் என்று காக்கு சொன்னாள். மரகதம் வேலையை விட வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். முந்தின மாதம்தான் கம்பெனியில் அவளை வயர் கட்டும் ஒரு லைனுக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். பத்துப் பெண்கள் அவளை மேடம் என்கிறார்கள். வேலையை விடுகிறாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

சந்து முனையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. காக்குதான் படித்துச் சொன்னாள். வார்டு ஆபீசில் கூட்டம், தண்ணீர் விஷயத்தில் ஜனங்களிடம் யோசனை கேட்கிறார்கள். "போய்ச் சொல்லு. வீட்டுல உக்காந்து முணுமுணுத்தா பைப்புக்குக் கேக்குமா?" என்றாள். கூட்டம் புதன்கிழமை. எங்கள் பட்டறைக்கு வார லீவு ஞாயிறு இல்லை, அன்றைக்குத்தான்.

"ஏனுங்க, ஒருக்கா போயிட்டுத்தான் வாங்களேன்" என்றாள் மரகதம்.

ஊரில் எனக்குத் தெரிந்தது மனு மட்டும். பல்லடத்தில் இருந்தபோது ரோட்டுக்காக ஒரு தடவை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். திங்கட்கிழமை, காலையிலிருந்து வரிசை. மனுவை இரண்டு கையாலும் நீட்டினேன். வாங்கி வைத்தார்கள். கும்பிட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான் வேலை. அதேபோல இங்கேயும் ஒரு மனு தயார் செய்தேன். நான் சொல்லச்சொல்ல மளிகைக்கடைக்காரர் ஹிந்தியில் எழுதினார்.

கூட்டத்தில் அதிகாரி ஒரு பெண். மனுவை நீட்டினேன், கும்பிட்டேன், வாசலைப் பார்த்து நடந்தேன்.

"காக்கா, எங்கே போறீங்க?" என்று ஹிந்தியில் கூப்பிட்டார் அதிகாரி மேடம். சித்தப்பாவுக்கு இங்கே காக்கா.

"மனு குடுத்துட்டேனே."

"மனு யார் கேட்டா? யோசனை சொல்லுங்க. உட்காருங்க." படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாதம் பணிந்துன்னு எழுதியிருக்கு. என் கால் இருக்கட்டும். உங்களுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி வேணும்?"

தண்ணீர் இல்லை என்று சொல்லத் தெரியும். எத்தனை மணிக்கு வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். டீ வேறு கொடுத்தார்கள்.

"அஞ்சரை" என்றேன்.

பென்ஷன்காரர் ஒருவர் எழுந்தார். "அது நான் வாக்கிங் போற நேரம்."

"பக்கெட்டோட நடங்க" என்றேன். சிரித்தார்கள். அவரும்தான். வால்வு திறக்கிற ஆள், தன் டூட்டியே ஆறு மணிக்குத்தான் என்றார். சரி, ஆறு என்றேன். ஒரு மாதம் விட்டுப் பார்ப்போம், அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார் மேடம்.

அந்த மாதம் சந்தில் எனக்கு நல்ல பேர் இல்லை. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுக்கிற எதிர்வீட்டு ஹிந்திக்கார அண்ணன், நாங்கள் பையா என்போம், "உங்க மதராசித் தண்ணி என் தூக்கத்தைக் குடிக்குது" என்று பல் விளக்கிக்கொண்டே சொன்னார். காக்கு மகள் வீட்டுக்குப் போனாள். மரகதம் ஆறேகாலுக்குள் டிரம்மை நிரப்பிவிட்டு, எப்போதும்போல ஏழரைக்குப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த கூட்டத்து நாளில் ஊரில் உள்ளாட்சித் தேர்தல். அதற்கு முதல் நாள் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"ஏண்டா, ஓட்டுப் போட வரலியா? உன்ற பேரு லிஸ்ட்டுல இருக்குது."

"இங்க ஒரு மீட்டிங்குங்ண்ணா. தண்ணி மீட்டிங்."

"அங்க உனக்கு ஓட்டே கெடையாதேடா."

"இல்லீங்ண்ணா."

"அப்பறம் எதுக்கு?"

"என்னையக் கேக்கறாங்க."

"சரி, பாத்துப் பேசு" என்று வைத்துவிட்டார்.

கூட்டத்தில் ஆறு மணி வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். பென்ஷன்காரரும் தூக்கினார். எதிர்வீட்டுப் பையா தூக்கவில்லை. மேடம் எண்ணிப் பார்த்து, ஆறு மணியே இருக்கட்டும் என்றார். வெளியே வந்து மரகதத்துக்குப் போன் போட்டேன்.

"நெசமாலுமேவா? சரிங்க. லைன் ஓடுது, அப்பறம் கூப்புடறேன்."

பின்னால் யாரோ அவளை மேடம் என்று கூப்பிடுவது கேட்டது. போனை வைக்கும்போது அண்ணன் அனுப்பிய போட்டோ வந்திருந்தது. அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், மூன்று விரல், மூன்றிலும் மை. என் விரலைப் பார்த்தேன். நகத்தோரம் லேத் எண்ணெய்க் கறைதான் இருந்தது.