மூக்கு என்றொரு கட்டளை

போன மாதம் எங்கள் பகுதிப் பள்ளியில் ஒரு புகார்ப் பெட்டி மாட்டினார்கள். மாணவர்களை மாணவர்களே துன்புறுத்துவதைத் தடுக்கவாம். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னையும் குழுவில் சேர்த்து, சால்வை போர்த்தி, சமோசா கொடுத்தார்கள். பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்டேன். தலைமையாசிரியரிடம். பெட்டி எங்கே? தலைமையாசிரியர் அறை வாசலில். முறைப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. எனக்குத் தம்பியின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது பேரணாம்பட்டில் இருந்தோம். நான் ஏழாவது, தம்பி நாலாவது, ஒரே பள்ளி. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை உதறிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்க வேண்டும். வீடு ஒற்றை அறை. அப்பாவின் சட்டை தொங்கும் கொடியில்தான் எங்கள் சீருடையும் தொங்கும்.

பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் டேனரி வேலை, மீதிப் பேர் வீட்டில் பீடி. வாடைக்குப் பஞ்சமில்லாத இடம். இருந்தும் எட்டாம் வகுப்பு மாணவர் தலைவன் கேலிக்கு என் தம்பியைத்தான் தேர்ந்தெடுத்தான். தம்பி சீக்கிரம் அழுதுவிடுவான், அதுதான் தகுதி.

காலை வணக்கத்துக்கு முன், ஆசிரியர்கள் உள்ளே டீ குடிக்கும் நேரத்தில், வரிசைகளைச் சரிசெய்வது தலைவனின் பொறுப்பு. மேடையேறி "அட்டென்ஷன்" என்பான். தம்பி வந்து வரிசையில் நின்றதும் "மூக்கு!" என்பான். பள்ளி முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்று சற்று நேரத்தில் உறுதிமொழி சொல்லித்தருவதும் அவன்தான்.

நான் அந்த வயதிலேயே முறைப்படி நடப்பவள். வகுப்பாசிரியையிடம் சொன்னேன். அவர் புகாரைத் தலைமையாசிரியருக்கு அனுப்பினார். மாணவர்களுக்குள் நடப்பதை விசாரிப்பது மாணவர் தலைவனின் கடமை என்பதால், விசாரணையை அவர் அவனிடமே ஒப்படைத்தார். அவனும் தட்டாமல் ஏற்றுக்கொண்டு, என்னை வைத்துக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டான்.

"இன்னாடா, உன்ன யாரு கிண்டல் பண்ணது?"

"யாரும் இல்லண்ணா."

"கேட்டுக்கினியா? யாரும் இல்லயாம்" என்றான் என்னிடம். விசாரணை முடிந்தது.

மறுநாளிலிருந்து தம்பிக்குத் தினமும் காலையில் வயிற்றுவலி. பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்ததும் வலியும் ஓய்ந்துவிடும். ஒரு வாரம் பார்த்த அப்பா, சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "திங்கக்கெழமையும் போவலன்னா எங்கூட வரட்டும். உப்பு ஒதறக் கத்துக்குவான்." கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னார்.

அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். அன்று ராத்திரி தம்பியின் சட்டைக்குப் பொத்தான் வைத்தபடியே, யாரையும் பார்க்காமல் பேசினாள். அவள் லைனில் ஒரு பெண்ணைச் சூப்பர்வைசர் தினமும் எல்லார் எதிரிலும் கேலி செய்வாராம். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்களாம். "ஒரு நாளு யாரும் சிரிக்கல. கைய மிஷின்லருந்து எடுத்து மடியில வச்சிக்கினோம். லைனு அப்படியே நின்னு போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, அந்தாளுக்குப் பேச்சு வரல."

ஞாயிறு மதியம் பின்தெருவுக்குப் போனேன். எங்கள் பள்ளிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு யாரும் மூக்கைப் பிடிக்க வேண்டாம் என்றேன்.

எட்டாவது படிக்கும் ஒருத்தி இலையை வெட்டியபடி கேட்டாள். "நாங்க புடிக்கலன்னா அடுத்து எங்களத்தான் காட்டுவான். எங்க கையில மட்டும் நாத்தம் கம்மியா?"

"எல்லாரும் கைய கீழ வச்சா யாரக் காட்டுவான்?"

"சாருங்க கேட்டா?"

"அட்டென்ஷன்ல கைய அசைக்கக் கூடாது. அது ட்ரில் ரூல். மறுபடி ஸ்டாண்டட்டீஸ் சொல்ற வரைக்கும் அசைக்காதீங்க."

"அடி ரூல்ஸு ராணி!" என்று அவள் சிரித்தாள். அவளுக்கு அந்தப் பள்ளியிலேயே மூன்று தம்பிகள். மற்றவர்களுக்கும் அப்படியே. பொழுது சாய்வதற்குள் செய்தி ஊரைச் சுற்றிவிட்டது.

திங்கட்கிழமை தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். "வவுறு வலிக்குதுக்கா."

"இன்னிக்கி ஒரு நாளு வாடா. நாளைக்கி வலிச்சிக்கலாம்."

"அட்டென்ஷன்!" என்றான் தலைவன். நின்றோம். தம்பி நாலாம் வகுப்பு வரிசையின் முதல் ஆளாகப் போய் நின்றான், அவன்தான் குள்ளம்.

"மூக்கு!"

ஒரு கைகூட எழவில்லை. தன் குரல்தான் எழவில்லையோ எங்களுக்குத்தான் காது கேட்கவில்லையோ என்று குழம்பி, இன்னும் சத்தமாக, "மூக்கு!" என்றான். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் கை பழக்கத்தில் பாதி எழுந்து, தானே இறங்கியது. மூன்றாவது முறை கத்தியபோது குரல் உடைந்துவிட்டது. டீ கிளாஸோடு டிரில் மாஸ்டர் வெளியே வந்தார்.

"இன்னாடா மூக்குக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்படிக் கத்துற?"

"சளி சார்!" என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். பள்ளியே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். நானூறு பேருக்கு மேல் சிரித்தும் ஒரு கைகூடத் தொடையை விட்டு அசையவில்லை. அவ்வளவு ஒழுங்கான அட்டென்ஷனை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்துக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே சொன்னேன். ராத்திரி தம்பி இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வவுத்து வலி போச்சாடா?" என்று மட்டும் கேட்டார். உப்பைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவில்லை.

செவ்வாய்க்கிழமை தலைவன் தலையைக் குனிந்தபடி மேடையேறி, "அட்டென்ஷன்" என்றான். ஆறாம் வகுப்பிலிருந்து யாரோ அவனைப் பார்த்து, "மூக்கு!" என்று கத்தினார்கள். கைகள் குதூகலமாக எழுந்தன. என் கையும் பாதி வழி போயிற்று. தம்பி மட்டும், வரிசைக்கு முன்னால், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்தவன் அதைப் பார்த்துத் தன் கையை இறக்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன். அப்படியே வரிசை வரிசையாக இறங்கிப் பள்ளி அமைதியாயிற்று. தலைவன் தம்பியையே சற்று நேரம் பார்த்தான். பிறகு மெல்ல, "ஸ்டாண்டட்டீஸ்" என்றான். மூக்கு என்ற சொல்லை அதன்பின் அங்கே யாரும் கட்டளையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

"இன்னாடா, இன்னும் அவன்கிட்ட பயமா?" என்று தம்பியைத் திட்டினேன்.

"நீதானக்கா கைய அசைக்கக் கூடாதுன்ன?"

விதியை இப்படியா பிடித்துக்கொண்டு தொங்குவான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்று மாலையும் அம்மாவைக் கூட்டிவரப் போனேன். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டாள். அன்று என் பங்கு என்று சொல்லப் பாதி வழி போன கைதான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றேன்.