நங்கூரக் கயிற்றில் ஒன்பது முடிச்சு

குழந்தை பிறந்த பிறகு, என் கணவர் மீன் பிடிக்கக் கடலுக்குக் கிளம்பினாலே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். விக்கா என்கிற மேல்நாட்டு மந்திர வழிபாட்டைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைக் கல்லூரித் தோழி கொடுத்திருந்தாள். வேண்டிக்கொண்டு கயிற்றில் ஒன்பது முடிச்சு போட்டால் காப்பு என்று அதில் இருந்தது. பட்டம் வாங்கியவள்தான் நான். இருந்தும் வாசலில் கிடந்த நங்கூரக் கயிற்றுச் சுருளின் உள்பக்கம் ஒன்பது முடிச்சையும் போட்டுவிட்டேன்.

மறுநாள் முகத்துவாரத்துக்கு வெளியே காற்று ஏறியதும் அவரும் கூட்டாளியும் நங்கூரம் போட்டிருக்கிறார்கள். முடிச்சுகளில் கயிறு சிக்கி, நங்கூரம் தரையைத் தொடவில்லை. படகை அலை மணல்திட்டுப் பக்கம் இழுத்துப் போயிருக்கிறது. எப்படியோ தப்பி வந்தார்கள்.

“எவன் வேலைடா இது? கயித்துக்கு ஜடை பின்னி வச்சிக்கிறான்!” என்று கூடப் போனவர் கரையில் கத்தினார்.

“நான்தாண்ணே” என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

கணவர் திட்டவில்லை. “இன்னாமே, பயமா இருந்தா என்கிட்ட சொல்றதுதானே? கயித்துகிட்டயா சொல்லுவே?” என்றார்.

யாருக்காகச் செய்கிறோமோ அவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அந்தப் புத்தகத்தின் அடுத்த பத்தியிலேயே இருந்தது. அதைப் பிறகுதான் படித்தேன்.

அடுத்த முறை அவர் கிளம்பும்போது, “பயமா இருக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் சற்று நின்று, “எனக்கும்தான்மே” என்றார். அதுவரை எனக்கு அது தெரியாது.