மேலதிக நேரம்

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அந்த ஆண் தாதியைக் கண்டபோது, வெள்ளைச் சட்டைக்குள்ளே மஞ்சள் பெனியன் தெரிந்தது. நெடுத்த மனிதர், சும்மா நின்றாலும் விரல்களை நெட்டி முறிப்பார். அன்று பின்னேரம் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி. ஊர் அணிக்கு அவர்தான் கோல் காப்பாளர். அவருடைய வேலை முடியும் நேரத்தில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அம்மாவுடன் நான் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு அடுத்ததாக வேலைக்கு வர வேண்டியவரின் பஸ் வழியில் பழுதாகிவிட்டதாம். அதனால் தாதி விளையாடப் போகவில்லை. அம்மாவின் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பிடித்தபடி கட்டிலருகே நின்றார்.

ஆட்டம் சமநிலை, இனி மேலதிக நேரம் என்று பக்கத்து மைதானத்து ஒலிபெருக்கி சொன்னது.

“இப்ப ஓடினாலும் விளையாடலாம் அண்ணை. நான் பிடிக்கிறன்,” என்றேன்.

“எனக்கும் இஞ்சை மேலதிக நேரம்தான். கோலை விட்டுட்டுப் போக ஏலாது.”

கொஞ்ச நேரத்தில் வெளியே பெரிய ஆரவாரம் எழுந்தது. அவர் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு சீரானதும் அம்மாதான் கேட்டார்: “ஆர் தம்பி வெண்டது?”

“தெரியாது அம்மா. நீங்கள் முதல்ல தண்ணியைக் குடியுங்கோ.”

அந்த ஆரவாரத்துக்கு ஒரு தரமாவது திரும்பிப் பார்க்காமல் அவரால் எப்படி நிற்க முடிந்தது என்று, எங்காவது பந்தாட்டம் நடந்தால் இப்போதும் யோசிப்பேன்.