மஞ்சள் பலகையைத் தேடி ருவாபேஹூ மலைக்கு

பனிச்சறுக்கு மலைக்கு வெயில் காலத்தில் எதற்குப் போனாய் என்று கோவிலில் கேட்காத ஆள் இல்லை. அதோடு எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும், முழங்கால் நோ உள்ளவர்கள் நடக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

போனதற்குக் காரணம் என் மகன் கபிலன். வீட்டில் கபி. ஒரு குளிர்காலம் முழுக்க ருவாபேஹூ மலையில் வேலை செய்தான். கம்பியில் தொங்கிப் போகிற கதிரைகளில் ஆட்களை ஏற்றி மேலே அனுப்புகிற வேலை. அங்கேயிருந்து ஒரு படம் அனுப்பினான். பெரிய இரும்புக் கம்பம், அதில் ஒரு மஞ்சள் பலகை, பலகையில் கறுப்பாக 4 என்ற இலக்கம். அந்தப் பலகையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு மதிலில் சாய்ந்து கதை கேட்கிறவன் மாதிரி நின்று சிரிக்கிறான். சுற்றிவர வெள்ளை. "அம்மா, இதுதான் என் ஆபீஸ்" என்று எழுதியிருந்தான்.

அடுத்த பெப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டான். இருபத்து நாலு வயது. இதயத்தில் பிறக்கும்போதே ஏதோ இருந்தது என்றார்கள். இருந்தால் இருபத்து நாலு வருஷம் எப்படித் தெரியாமல் இருந்தது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள், இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்போம். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று. கபியின் எட்டுக்கு நான் எழும்புகிற நிலையில் இல்லை. சனம்தான் வந்து சோறு கறி, வடை, பாயாசம் எல்லாம் சமைத்தது. ஆட்டிறைச்சி ரோல்ஸ் மட்டும் இல்லை. அவன் வேறு எதையும் கேட்டுச் சாப்பிட்ட பிள்ளை இல்லை, ரோல்ஸ் மட்டும்தான் கேட்பான். இந்த வருஷம் திவசம் முடிந்த பிறகு, படத்தில் அவன் நிற்கிற இடத்திலேயே கொண்டுபோய்ப் படைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை, விடிய ஐந்தரைக்கு, நாங்கள் இருக்கிற பக்குரங்காவில் இருந்து புறப்பட்டோம். கார் ஓட்டியது பானு. பாட்டனி டவுன்ஸ் பேக்கரியில் என்னோடு வேலை செய்கிறவள், மதுரைக்காரி. ஹமில்டன், தே குய்தி, தௌமருனுய் வழியாக ஏறக்குறைய முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். தௌமருனுயில் நிற்பாட்டி டொய்லட் போய், கோப்பி குடியுங்கள். அதற்குப் பிறகு கடைகள் குறைவு. பத்தேகாலுக்கு மலையடியில் உள்ள வாகாபாபா கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

காரை விட்டு இறங்கினால் வெயில். புல். தூரத்தில் மலை பெரிய கரும்பாறையாக நிற்கிறது, உச்சியில் மட்டும் வெள்ளையாக ஒரு கீறல். வெயில் காலத்தில் பனி இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தையே ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, வேறு ஏதோ நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று இருந்தது.

அடுத்த குழப்பம் நாங்களே தேடிக்கொண்டது. நடைபாதை தொடங்குகிற இடத்தில் ஒரு சுற்றுப்பாதை, ஏழு கிலோமீட்டர், இரண்டரை மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. சிலிக்கா ரேப்பிட்ஸ் பாதை என்று பெயர். மலைக்குப் போகிற பாதை என்றால் கபி வேலை செய்த சறுக்குத் திடலுக்கும் போகும்தானே என்று நினைத்து நடந்தோம். அப்படி இல்லை. தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: சறுக்குத் திடல் மேலே, கார் வீதியில் இன்னும் ஆறேழு கிலோமீட்டர்.

ஆனால் பாதை நல்ல பாதை. முதலில் குளிர்ந்த காடு. பிறகு காடு திடீரென்று முடிந்து, முழங்கால் உயரத்துக்குப் பொன்னிறப் புல்வெளி. பலகை போட்டிருக்கிறார்கள், கால் நனையாது. புல்லுக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், பொத்தான் அளவு. ஓர் ஓடையில் கற்களெல்லாம் யாரோ தேங்காய்ப்பால் ஊற்றிவிட்டதுபோல் வெளிறிக் கிடந்தன. ஆளில்லை, சத்தமில்லை. நான் மட்டும் பூவையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை. கம்பம், கம்பம் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு போனேன்.

தூரத்தில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது.

"பானு, உது அந்தப் பலகைதான். ஓடி வா!"

"அக்கா, மெதுவா! ரோல்ஸ் எல்லாம் குலுங்குது."

கிட்டப் போனால் செம்மஞ்சள் முக்கோணம். பாதை தவறாமல் இருக்க அடித்து வைத்த அடையாளம். அதற்குப் பிறகு நிறைய முக்கோணங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான் ஓடினேன். நாலாவதோ ஐந்தாவதோ வந்தபோது பானு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவில்லை.

பாதை கடைசியில் கார் வீதியில் வந்து ஏறியது. அங்கே நின்ற ஒரு சோடியிடம் படத்தைக் காட்டிக் கேட்டோம். அவர்கள் சிரித்துவிட்டு மலை உச்சிப் பக்கம் கையைக் காட்டினார்கள். திரும்ப நடந்து காருக்கு வந்து, மேலே ஓட்டினோம். அப்போது மணி ஒன்றரை தாண்டிவிட்டது.

மேலே புல்கூட இல்லை. கறுப்புப் பாறையும் சரளையும்தான். கட்டடங்கள் மூடிக் கிடந்தன. பாறைக்கு மேலே கம்பங்கள் வரிசையாக நின்றன, கதிரைகள் கழற்றப்பட்டிருந்தன. ஒன்று, இரண்டு என்று இலக்கம் பார்த்துக்கொண்டே ஏறினோம். மூன்றாவதுக்குப் பிறகு நாலாவது கம்பத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் பலகை இருந்தது. கறுப்பு 4 இருந்தது. ஆனால் எட்டாத உயரத்தில், என் தலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் நிற்கலாம்.

"இது இல்லை," என்றேன். "கபி இதில முழங்கை வைச்சுக்கொண்டு நிக்கிறான். இது வேற கம்பம்."

"நாலுன்னுதானே அக்கா போட்டிருக்கு."

"நம்பர் மாத்தியிருப்பினம். இல்லையெண்டால் பலகையைக் கழட்டி மேல அடிச்சிருப்பினம்."

பானு படத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் பலகையின் ஓரத்தில் ஒரு நெளிவு இருந்தது. மேலே பார்த்தால் அதே நெளிவு. என் பிள்ளை அவ்வளவு உயரத்தில் எப்படி நின்றான்?

கொஞ்சம் தள்ளி, அடுத்த கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரிப் பெண், பெயர் ஹினே. வெயில் காலத்தில் அந்தக் கதிரை லிஃப்ட்டைத் திருத்துகிற ஆட்களில் ஒருத்தி. கபியைத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன். படத்தை நிறைய நேரம் பார்த்தாள்.

"மன்னிக்க வேண்டும், ஞாபகம் இல்லை. ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாக நிறையப் பிள்ளைகள் வருவார்கள்," என்றாள் ஆங்கிலத்தில். பிறகு கம்பத்தைத் தட்டிக் காட்டினாள். "இந்தப் பள்ளத்தில் காற்று பனியைக் கொண்டுவந்து குவிக்கும். நல்ல வருஷத்தில் அந்தப் பலகை வரைக்கும் வரும். உங்கள் மகன் பனியின் மேல் நிற்கிறார்."

"அப்ப அவன் நின்ற இடம்?"

அவள் கையை உயர்த்தி, பலகைக்குக் கொஞ்சம் கீழே காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. காற்றுத்தான்.

நான் சரளையிலேயே குந்தி இருந்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, சரியான கம்பத்தடிக்கே வந்து, அவன் நின்ற இடத்துக்குப் போக முடியாது என்றால் என்ன செய்வது? ஏணி இருக்கிறதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், ஏணியில் ஏறி எதன் மேல் சாப்பாட்டை வைப்பது என்று யோசித்தேன்.

கடைசியில் கம்பத்தடியிலேயே ஒரு தட்டையான பாறையில் வாழையிலை விரித்து ரோல்ஸை வைத்தேன். அவன் குடிக்கிற ஜிஞ்சர் பியரையும் திறந்து வைத்தேன். அப்போது ஹினே மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, இங்கே சாப்பிடலாம். ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இந்த மலை எங்களுக்கு மூதாதை. அவர் மேல் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போக மாட்டோம்."

எங்களுக்குப் பெரியவர் முன்னால் சாப்பாடு வைப்பதுதான் மரியாதை. அவர்களுக்கு வைக்காமல் விடுவது மரியாதை. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று எனக்கு அந்த நேரம் பிடிபடவில்லை. ஆனால் மலை அவர்களுடையது. "கொஞ்ச நேரம் மட்டும். பிறகு எடுத்துவிடுவேன்," என்றேன். அவள் தலையாட்டினாள்.

கதவைச் சாத்த வேண்டுமே. மலையில் கதவுக்கு எங்கே போவது? நாங்கள் திரும்பிக் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஏன் என்று கேட்காமல் ஹினேயும் திரும்பி நின்றாள்.

பானு காதுக்குள் கேட்டாள், "எங்க ஊர்ல காக்கா வந்து எடுக்கணும் அக்கா. இங்க ஒண்ணையும் காணோமே."

"இந்த நாட்டில ஏது காகம்?"

"அதுக்கும் விசா குடுக்கல போல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். எது எப்போது முடிந்தது என்று தெரியாது. காற்றில் இலை படபடவென்று அடிக்கிற சத்தம் பின்னால் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அந்த ரோல்ஸை மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம். ஹினே உள்ளே என்ன என்று கேட்டு, ஆட்டிறைச்சி என்றதும் இரண்டாவதையும் எடுத்தாள். உறைப்பில் அவளுக்குக் கண் கலங்கியது. இலையையும் தாளையும் ஒரு துணுக்கு விடாமல் பொறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினோம். இரவு ஒன்பதுக்கு வீடு.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பெற்றோலுக்கு எங்களுக்கு நூற்றுப் பத்து டொலர் முடிந்தது, பானுவின் கார் சின்னது. நடைபாதைக்குக் காசு இல்லை. முழங்கால் நோ உள்ளவர்கள் புல்வெளிப் பாதையில் ஓடை வரைக்கும் போய்த் திரும்பலாம். மேலே சரளையில் வேண்டாம். வெயில் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், மூன்று மணிக்கு முகில் இறங்கிக் கை விறைத்துவிட்டது. சாப்பாடு கொண்டுபோங்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். புல்வெளியில் நான் பார்க்காமல் விட்ட பூக்களை நீங்கள் நின்று பாருங்கள். பானு எடுத்த படங்களில்தான் நான் அவற்றைப் பார்த்தேன்.

படைத்தது அவனுக்குச் சேர்ந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் வைத்தது கீழே, அவன் நின்றது மேலே. ஆகஸ்ட்தான் இங்கே குளிர்காலம், அப்போது பனி நன்றாகக் குவிந்திருக்கும் என்று ஹினே சொன்னாள். பனியில் வழுக்காமல் இருக்கக் கார் டயருக்குச் சங்கிலி வேண்டுமாம், வாடகைக்கு எடுக்கலாமாம். பனிச் சப்பாத்து என்னிடம் இல்லை. வேலையில் லீவு மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.

"திரும்ப எதுக்கு அக்கா?" என்று பானு கேட்டாள்.

"அந்த மாசம் அவன் நின்ற இடத்துக்குத் தரை இருக்கும்," என்றேன்.